இறுகக் கட்டாதீர்கள், ஆட விடுங்கள்

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வறண்டு வீசத் தொடங்கினால், திருகோணமலை மாவட்டத்து மூதூர், கட்டைபறிச்சான், சம்பூர், தோப்பூர் வளவுகளில் முதலில் அடிபடுவது தானாக நிமிர்ந்து நிற்க மாட்டாத பயிர்கள்தான். காய் பிடித்த தக்காளி சாய்கிறது, மிளகாய்க் கன்று வேரோடு அசைகிறது, பாவற்கொடி பந்தலிலிருந்து கழன்று தொங்குகிறது. மறுநாள் காலையில் அதற்குச் செய்யப்படும் வைத்தியமும் எங்கும் ஒன்றுதான்: இன்னும் தடித்த கம்பு, இன்னும் இறுக்கமான கட்டு. கையில் அகப்படுவதெல்லாம் கம்பாகிவிடும். உடைந்த துடுப்பு, பழைய குடைக்கம்பி, சைக்கிள் ரிம், கட்டட வேலையில் மிஞ்சிய இரும்புக் கம்பி, பி.வி.சி. குழாய், கிழிந்த மீன்வலை என்று பட்டியல் நீளும். இப்படிக் கைக்கு வந்ததைக் கொண்டு செடியைத் தாங்குவதில் ஒரு குறையும் இல்லை. காசு கொடுத்து வாங்கும் தாங்கிகளைவிட இவற்றில் சில உண்மையிலேயே மேலானவை. ஆனால் எது மேல், எது கீழ் என்பதைத் தடிப்பையும் விறைப்பையும் வைத்தே நாம் முடிவு செய்கிறோம். அந்த அளவுகோல் பிழை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நல்ல தாங்கி செடியை விழாமல் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டே அதை ஆடவும் விட வேண்டும். இந்த இரண்டாவது வேலையை மறந்ததால்தான், வருடா வருடம் கம்பு தடித்துக்கொண்டே போகிறது, செடியும் வருடா வருடம் ஒடிந்துகொண்டே இருக்கிறது.

மரமாகாத ஒரு செடி நிமிர்ந்து நிற்பது இரண்டு ஏற்பாடுகளால். கலங்களுக்குள் நிறைந்திருக்கும் நீர் கலச்சுவரை உள்ளிருந்து தள்ளி அதை விறைப்பாக வைத்திருக்கிறது. பாடநூல்கள் இதை வீக்க அமுக்கம் என்கின்றன. தண்டின் புறவிளிம்பை ஒட்டி ஓடும் நார்கள் வளைவைத் தடுக்கின்றன. கச்சான் நாட்களில், உச்சி வெயிலில், வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் கூடிவிடும். அப்போது முதல் ஏற்பாடு தளர்கிறது. காற்று மிக வேகமாக அடிக்கும் அதே நேரத்தில் செடியைத் தாங்க மிஞ்சுவது நார் மட்டுமே. ஆகவே அந்த நேரத்துக்கு முன்பே தண்டில் எவ்வளவு நார் சேர்ந்திருக்கிறது என்பதுதான் செடி நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. நார் எப்படிச் சேர்கிறது என்ற கேள்விக்கு அறிவியல் தரும் பதில், பசளையும் நீரும் மட்டுமல்ல. இளம் வயதில் அந்தச் செடி எவ்வளவு ஆடியது என்பதும் அதில் ஒரு பங்கு.

இந்தச் சங்கதி புதியதல்ல. 1803இல் தோமஸ் அன்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலை அறிஞர் இளம் அப்பிள் மரங்களைக் கம்புகளில் கட்டி, சிலவற்றை அறவே அசையவிடாமலும் சிலவற்றை ஒரு திசையில் மட்டும் அசையவிட்டும் வளர்த்துப் பார்த்தார். அசையாமல் கட்டப்பட்டவை தடிப்பதில் பின்தங்கின. ஒரே திசையில் ஆடிய மரத்தின் தண்டு, ஆடிய திசையில் கூடுதலாகத் தடித்து நீள்வட்டமானது. அதாவது, எந்தப் பக்கம் வளைய நேர்ந்ததோ அந்தப் பக்கத்துக்கே மரம் தன் பொருளைச் செலவிட்டது. 1973இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் மார்க் ஜஃபி, போஞ்சி, வெள்ளரி, ஆமணக்கு போன்ற செடிகளின் தண்டுகளைத் தினமும் சற்று நேரம் தடவிவந்தார். தடவப்பட்டவை குட்டையாகின, போஞ்சியின் தண்டு தடித்தது. எல்லாப் பயிர்களும் இப்படி நடந்துகொள்ளவில்லை என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். 1990இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜனெற் பிராமும் ரொனால்ட் டேவிஸும் கண்டது இன்னும் வியப்பானது. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அரபிடொப்சிஸ் மீது வளர்ச்சி ஹோர்மோனைத் தெளித்து, எந்த மரபணுக்கள் வேலை தொடங்குகின்றன என்று அவர்கள் தேடினார்கள். ஒப்பீட்டுக்காக வெறும் நீர் தெளித்த செடிகளிலும் அதே மரபணுக்கள் கிளர்ந்தெழுந்தன. காரணம் ஹோர்மோன் இல்லை, தெளிப்பு வந்து பட்டதுதான். பட்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் அந்த மரபணுக்களின் செயல் சிலவற்றில் 100 மடங்கு வரை ஏறியிருந்தது. காற்றில் ஓர் இலை இன்னோர் இலையில் உரசுவதைக்கூடச் செடி செய்தியாக எடுத்துக்கொள்கிறது, அந்தச் செய்திக்கு ஏற்பத் தன்னைக் கட்டியெழுப்புகிறது. நட்ட வாரத்திலேயே கம்பு ஊன்றி உச்சிவரை இறுகக் கட்டிவிட்டால், அந்தச் செய்தி செடிக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஹாரிஸ், அன்ட்ரூ லைசர் ஆகியோர் நாற்றுமேடையில் கம்போடு வளர்ந்த மரக்கன்றுகளையும் கம்பில்லாமல் வளர்ந்தவற்றையும் ஒப்பிட்டபோது, கம்போடு வளர்ந்தவை உயரமாக இருந்தன, ஆனால் அடித்தண்டு மெலிந்திருந்தது. கம்பை எடுத்ததும் தாமாக நிற்க அவற்றால் இயலவில்லை. அவர்கள் வகுத்த நடைமுறை எளிமையானது. கன்றை நிமிர்த்தி நிறுத்த எவ்வளவு உயரத்தில் பிடித்தால் போதுமோ, அவ்வளவு தாழ்வாகக் கட்ட வேண்டும். அதற்கு மேல் உள்ளதைக் காற்றுக்கு விட்டுவிட வேண்டும். தக்காளிக்கு இதைப் பொருத்துவதானால், பாரம் தொங்கும் ஒவ்வொரு குலைக்கும் சற்றுக் கீழே ஒரு தளர்ந்த கட்டு, உச்சியில் ஒரு சாண் நீளம் எப்போதும் கட்டில்லாமல். இலைகளையும் தண்டோடு சேர்த்து வளைத்துக் கட்டுவது பெருந்தவறு. காற்று வேகம் இருமடங்கானால் ஒரு விறைத்த தகட்டின் மீது விழும் விசை நான்கு மடங்காகும். இலை அப்படியில்லை. ஸ்ரீவன் வோகல் 1989இல் காற்றுச் சுரங்கத்தில் வைத்துக் காட்டியபடி, வேகம் கூடக் கூட அகன்ற இலைகள் சுருண்டு கூம்பாகி, விசையைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கட்டுக்குள் சிக்கிய இலைக்கு அந்தத் தற்காப்பு இல்லை.

கட்டு எப்படிப்பட்டது என்பதையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மெல்லிய தங்கூசி இழையாலோ கட்டுக்கம்பியாலோ கட்டிய ஒரு தக்காளித் தண்டை ஆறேழு வாரங்கள் கழித்து அவிழ்த்தால், கட்டு இருந்த இடத்தில் நகம் பதியும் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வளையமாக ஓடியிருக்கும். பள்ளத்துக்கு மேலே தண்டு உப்பியும், கீழே மெலிந்தும் காணப்படும். இலையில் ஆக்கப்படும் சீனியை வேருக்குக் கொண்டுசெல்லும் உரியம் தண்டின் புறப்பகுதியை ஒட்டியே ஓடுகிறது. தண்டு தடிக்கத் தடிக்க, நெகிழாத கட்டு அந்த வழியை நெரிக்கிறது. சீனி மேலே தேங்க, வேர் பட்டினி கிடக்கிறது. காற்று அடிக்கும்போது தண்டு ஒடிவதும் அந்தப் பள்ளத்திலேயே. கம்பு தாங்க வந்த செடியைக் கட்டு வெட்டிவிடுகிறது என்றே சொல்ல வேண்டும். இதற்கு மூதூரில் கிடைக்கும் மிகச் சிறந்த மாற்று, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத் தேய்ந்த சைக்கிள் ரியூப். அதை விரலகல நாடாக்களாக வெட்டி, கம்பில் ஒரு சுற்று, தண்டில் ஒரு தளர்ந்த சுற்று என எட்டு வடிவில் போட்டால், இறப்பர் நெகிழ்ந்து கொடுக்கும். அகலமாக இருப்பதால் அழுத்தம் ஓரிடத்தில் குவியாது, நடுவில் குறுக்கிட்டு நிற்கும் முறுக்கு தண்டையும் கம்பையும் உரசவிடாது. பழைய சேலைத் துண்டும் வாழைநாரும் இதே வேலையைச் செய்யும். வாழைநார் பருவம் முடியும்போது தானே உக்கிவிடுவதால் குறுகிய காலப் பயிருக்கு அதுவே என் தேர்வு.

தானாக நிற்க முயலாத, பிறவற்றைப் பிடித்தே ஏறும் கொடிகளுக்கு வந்தால், ஆட விட வேண்டும் என்பதைக் கொடிகளே நமக்குக் கற்றுத்தருகின்றன. பாவல், புடோல், பீர்க்கு, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் கணுவிலிருந்து நூல்போல நீளும் தந்து காற்றில் மெல்லச் சுழன்று தேடும். ஒரு கயிற்றிலோ குச்சியிலோ நுனி பட்டதும் சில நிமிடங்களில் வளையத் தொடங்கி, அதைச் சுற்றிப் பற்றிக்கொள்ளும். அதன் பிறகுதான் முக்கியமான வேலை நடக்கிறது. பற்றிய நுனிக்கும் கொடிக்கும் இடையே உள்ள நேரான பகுதி சுருளாகிறது. ஒரு பாவற்தந்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். பாதித் தூரம் வலப்பக்கமாகச் சுருண்டு, நடுவில் ஒரு சிறு நேர்த்துண்டு விட்டு, மீதித் தூரம் இடப்பக்கமாகச் சுருண்டிருக்கும். இரண்டு முனைகளும் கட்டுண்ட ஒரு நூல் முறுக்கேறாமல் சுருள வேண்டுமென்றால் வேறு வழியில்லை. சார்ள்ஸ் டார்வின் 1865இல் வெளியிட்ட ஏறுகொடி ஆய்வில் இதை விளக்கியிருக்கிறார். பாவலின் உறவான பிரையோனிக் கொடியைப் புயல் வீசும் நேரத்தில் வேண்டுமென்றே போய்ப் பார்த்த அவர், இரண்டு நங்கூரங்களைப் போட்டு நீண்ட வடத்தை விட்டுக்கொடுத்து அலையைச் சமாளிக்கும் கப்பலுக்கு அதை ஒப்பிட்டார். மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட படகு அலைக்கு ஏறி இறங்குவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஒப்புமைக்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 2012இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வெள்ளரித் தந்தை ஆராய்ந்து இன்னொரு படி சென்றார்கள். முற்றிய தந்தின் உள்ளே ஓடும் நார்ப்பட்டை காரணமாக, அதை இழுக்கும்போது சுருள் அவிழ்வதற்குப் பதிலாக மேலும் சுருள்கிறது. இலேசாக இழுத்தால் இளகிக் கொடுக்கும், பலமாக இழுத்தால் இறுகி நிற்கும். தென்றலுக்கு ஆடவும் சுழல்காற்றுக்கு எதிர்க்கவும் ஒரே பொறியை வைத்திருக்கிறது கொடி.

இந்தப் பொறி வேலை செய்ய வேண்டுமானால் தந்து பிடிக்கத்தக்க தடிப்பில் தாங்கி இருக்க வேண்டும். இங்குதான் தடித்த கம்பு மோசமான தேர்வாகிறது. கைத்தடிப்புள்ள குழாயைப் பாவற்தந்து ஒரு முறைகூடச் சுற்றிவர முடியாமல் நழுவும். ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள வலைநூலை அது பல சுற்றுச் சுற்றிப் பற்றும். கடலுக்கு உதவாமல் ஒதுக்கப்பட்ட பழைய வலை இந்தக் காரணத்தால்தான் பாவலுக்கும் பீர்க்குக்கும் கடையில் வாங்கும் எந்தச் சட்டத்தையும்விடப் பொருத்தமானது. வலை தானும் ஆடும், கொடியையும் ஆட விடும், பாரத்தை ஆயிரம் முடிச்சுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும். கண் அளவு மட்டும் கவனத்துக்குரியது. சிறுமீன் பிடிக்கும் நெருங்கிய கண் வேண்டாம். பிஞ்சு அதற்குள் நுழைந்து பெருத்தால் நெரிபடும், பறிக்கக் கையும் போகாது. நான்கு முதல் ஆறு அங்குலக் கண்ணுள்ள, திருக்கை போன்ற பெருமீனுக்கான வலை நல்லது. வலையை முழுநீளத்துக்கு இழுத்துக் கட்டினால் கண்கள் மூடிக்கொள்ளும். இழுத்த நீளத்தில் சுமார் 70 வீதத்துக்குத் தளர்த்திக் கட்டினால் ஒவ்வொரு கண்ணும் சதுரமாகத் திறந்து, அதே வலை ஆகக் கூடிய பரப்பை மூடும். வலையைக் கயிற்றில் கோத்துப் பழகிய கைகளுக்கு இந்தக் கணக்கு ஏற்கனவே தெரியும்.

பயற்றைக்குத் தந்து கிடையாது. தண்டே சுற்றி ஏறும், மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக. வள்ளிக்கிழங்கு வகைகளில் சில எதிர்ப்பக்கம் சுற்றும். அவிழ்ந்த கொடியை எடுத்து மாற்றுப்பக்கம் சுற்றிவிட்டால் மறுநாளே கழன்றுவிடுவது அதனால்தான். சுற்றி ஏறும் தண்டு கீழே வழுக்காமல் நிற்பது உராய்வால் என்பதால், வழுவழுப்பான பி.வி.சி. குழாயில் பயற்றை காய்ப்பாரத்தோடு சரிந்து இறங்கும். குழாயைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் மேல் தும்புக் கயிற்றை ஒரு முறை சுற்றிவிட்டால் போதும். புடோலுக்கு நிமிர்ந்த வலை பயன்படாது, தலைக்கு மேலே படுத்த பந்தலே வேண்டும். நீண்ட காய் தடையின்றித் தொங்கினால்தான் நேராக வளரும். வளைந்துபோகும் பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் நம்மவர் வழக்கமும் அதற்காகத்தான்.

ஆட விடும் தாங்கி அடியோடு பிடுங்கிக்கொண்டால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கரையோர மூதூரின் மணல் நிலத்தில் இதுவே பெரிய சிக்கல். மணலில் ஊன்றிய கம்பு பக்கவாட்டு விசையை எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பொறியியலாளர் புரொம்ஸ் 1964இல் தந்த சமன்பாடு இன்றும் பயன்படுகிறது. அதன்படி கணக்கிட்டால், நிலத்துக்கு மேலே நான்கடியில் காற்று தள்ளும் ஒரு கம்பை ஓரடிக்குப் பதிலாக இரண்டடி ஆழம் ஊன்றினால் அது தாங்கும் விசை ஆறரை மடங்குக்கு மேல் கூடுகிறது. கம்பை இருமடங்கு தடிப்பாக்கினாலோ தாங்கும் விசை இருமடங்குதான். தடித்த கம்பைத் தேடி அலைவதைவிட அலவாங்கு எடுத்து இன்னுமோர் அடி தோண்டுவது மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். மாரியில் நிலைமை மாறுகிறது. நிலத்தடி நீர் மேலேறி மணல் நீரில் மூழ்கியதும் மணலின் பயனுள்ள நிறை பாதியளவாகிவிடும். கம்பின் பிடிமானமும் பாதியாகும். மகாவலி பெருகும் காலத்தில் பந்தற்கால்கள் வரிசையாகச் சாய்வதன் காரணம் காற்று மட்டுமன்று. அதற்கு மருந்து, மூலைக் கால்களிலிருந்து வெளிப்பக்கம் சாய்வாக இழுத்து, கல்லிலோ புதைத்த மட்டையிலோ கட்டிய கயிறு. பாய்மரமும் அப்படித்தான் நிற்கிறது. எவ்வளவு தடித்த மரமானாலும் பக்கக் கயிறுகளே அதை நிறுத்துகின்றன. பந்தலுக்கும் அதே கணக்கு.

இதைவிட ஒரு படி மேலான வழி, வேர்விடும் கம்பு. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, கிளிசரிடியா ஆகியவற்றின் கதியால்களை நாட்டி வேலி அடைப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக உள்ளது. அதே கதியாலைக் கொடிக்கும் தாங்கியாக்கலாம். செத்த கம்பு நாட்டிய நாளிலிருந்து வலு இழக்கிறது, நிலத்தை ஒட்டிய இடத்தில் கறையான் அரிக்கிறது. உயிருள்ள கம்பு மாதத்துக்கு மாதம் வேரால் மணலை இறுக்கிப் பிடிக்கிறது, காற்றுக்கு வளைந்து நிமிர்கிறது. இலங்கை அரசு தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்த கிளிசரிடியா அவரையினத்தது. அதன் இலையின் உலர்நிறையில் மூன்று நான்கு வீதம் நைதரசன் உண்டு. வெட்டிய இலையைக் கொடியின் அடியிலேயே போட்டால் பசளை. மிளகுக்கு இந்நாட்டில் அதையே தாங்கியாக நடுகிறார்கள். தமிழ்நாட்டின் காவிரிக் கரை வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்திதான் தாங்கி. வெற்றிலை கணுவில் விடும் சிறு வேர்களால் ஒட்டி ஏறுவது; சொரசொரப்பும் ஈரமும் நிழலும் ஒருங்கே தரக்கூடியது உயிருள்ள மரம் மட்டுமே. கம்பு நீரையும் சத்தையும் பங்குபோடாதா என்றால், போடும். வறண்ட சிறுபோகத்தில் அது பொருட்படுத்த வேண்டிய இழப்பே. கச்சான் தொடங்குமுன் கிளைகளைக் கழித்துவிட்டால் இலை குறைந்து நீர்ச்செலவும் குறையும். ஒரே பருவத்தில் முடியும் பாவலுக்கு இந்தப் பாடு வேண்டாம். வருடக்கணக்கில் நிற்கும் வெற்றிலை, மிளகு, கோவை, சிறகவரைக்கு நிச்சயம் வேண்டும்.

பலமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஆடுவதால் தண்டு தடிக்கிறது சரி, அதற்குச் செடி விலை கொடுக்கிறதே, உயரம் குறைகிறது, பூப்பதும் பிந்தலாம், காய்ப்பு என்னாவது என்பது அது. உண்மைதான், தண்டுக்குப் போன மாச்சத்து காய்க்குப் போகாது. நாள் முழுவதும் கச்சானில் அலைக்கழியும் செடி நன்றாகக் காய்க்கும் என்று யாரும் சொல்லவில்லை. காற்றின் அளவைக் குறைக்க வேண்டியது வேலியின் பொறுப்பு, மிஞ்சும் காற்றுக்குச் செடியைப் பழக்குவது தாங்கியின் பொறுப்பு. இரண்டையும் ஒரே இரும்புக் கம்பியிடம் ஒப்படைப்பதுதான் கேடு. வேலியிலும் இதே பாடம் உண்டு: காற்றை முற்றாக மறிக்கும் தகரத்துக்குப் பின்னால் சுழிப்பு எழுந்து சற்றுத் தள்ளி நிற்கும் செடியை முறிக்கும். ஏறத்தாழப் பாதிக் காற்றை ஊடுருவ விடும் வேலி, தன் உயரத்தின் பத்து மடங்கு தூரம் வரை வேகத்தைத் தணிக்கும். இடைவெளி விட்டுக் கட்டிய கிடுகும், நெருங்கி வளர்ந்த கதியால் வேலியும் அந்த வகை.

பழைய வலை பிளாஸ்ரிக்தானே என்ற கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. நைலோனை உப்பு அழிப்பதில்லை, வெயில் அழிக்கிறது. மெல்லிய ஒற்றை இழையான தங்கூசி வலை வெயிலில் விரைவில் நொறுங்கி, மண்ணில் கலந்து, பொறுக்கி எடுக்க முடியாத துகளாகிவிடும். ஆகவே தங்கூசியைத் தோட்டத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பல இழை முறுக்கிய தடித்த நூல்வலையே ஏற்றது. அதையும் நன்னீரில் ஊறவைத்து உப்பு போக அலசி, ஒவ்வொரு பருவமும் விரலால் ஒரு நூலை இழுத்துச் சோதித்து, அறுந்தால் அன்றே கழற்றிவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஆயத்தமில்லாதவர்கள் தும்புக் கயிற்றில் பந்தல் பின்னுவது நல்லது. அது பருவம் முடிய கொடியோடு சேர்ந்து எருவாகும். ஆனால் தோட்டத்துக்கு வராத பழைய வலை எங்கே போகிறது என்பதையும் எண்ண வேண்டும். கரையில் எரிக்கப்படுகிறது, இல்லாவிட்டால் கடலில் மிதந்து ஆமைகளைச் சிக்கவைக்கிறது. நிலத்திலும் அந்த ஆபத்து உண்டு. தரையில் தளர்ந்து கிடக்கும் நெருங்கிய கண்ணில் சாரைப்பாம்பும் உடும்பும் அகப்பட்டு, பின்னுக்கு வர முடியாமல் சாகும். எலியைத் தின்று வளவைக் காக்கும் சாரையைக் கொன்று பாவற்காய் பறிப்பதில் இலாபம் ஏதுமில்லை. பெரிய கண்ணைத் தேர்ந்தெடுப்பதும், கீழ்விளிம்பை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டுவதும், அறுவடை முடிந்ததும் சுருட்டி எடுத்துவைப்பதும் இதனால் கட்டாயமாகின்றன.

இவை எல்லாம் இல்லாதவர்களின் ஒட்டுவேலை, வசதி வந்தால் இரும்புச் சட்டம் வாங்கிவிடலாம் என்று நினைப்போரும் உண்டு. 2022 யூனில் நாடு உணவுத் தட்டுப்பாட்டை அஞ்சி, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்தபோது பலர் அப்படித்தான் தோட்டம் தொடங்கினார்கள்: கிடைத்ததை வைத்து, பிறகு நல்லது வாங்கலாம் என்று. ஆனால் மேலே கண்ட சான்றுகளின்படி, இரும்புச் சட்டத்துக்கு மாறுவது முன்னேற்றமே அல்ல. வெயிலில் சுடும் இரும்பு இளந்தந்தைக் கருக்கும், ஆடாது, உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். வசதி வந்தால் செலவிடத் தக்க இடம் வேறு: நல்ல தும்புக் கயிறு, ஆழமாகத் தோண்டக் கூலி, வேலியோரத்துக்குக் கூடுதல் கதியால். மிஞ்சும் ஒரு வேலைக்குக் காசே தேவையில்லை. பந்தல் வலையின் ஒரு பக்கத்தையாவது இழுத்தால் அவிழும் முடிச்சில் கட்டி வையுங்கள். 1964 டிசம்பரில் திருகோணமலைக் கரையைத் தாக்கியது போன்ற சூறாவளிக்கு எந்தப் பந்தலும் நில்லாது. எச்சரிக்கை வந்ததும் அந்தப் பக்கத்தை அவிழ்த்து வலையை நிலத்துக்குத் தாழ்த்திவிட்டால், கொடி நிலமட்டத்தில் படுத்துக் காற்றின் வேகத்துக்கு வெளியே கிடக்கும். வெள்ளம் தேங்காத மேட்டில் வேர் அறுபடாமல் இருக்கும். காற்று ஓய்ந்ததும் கால்களை நிறுத்தி மறுபடி ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம்.